சத்தம் போடாமல் வகுப்பை நடத்துவது எப்படி?

வகுப்பில் சத்தம் எப்போது ஆரம்பிக்கிறது என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் பாடம் நடக்கும்போது இல்லை. ஒரு ஆசிரியர் வெளியே போய் அடுத்தவர் உள்ளே வருவதற்குள் இருக்கும் மூன்று, நான்கு நிமிடத்தில்தான். நம் பள்ளிகளில் பிள்ளைகள் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், நாம்தான் சாக்பீஸ் டப்பாவையும் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்கு ஓடுகிறோம். போய்ச் சேரும்போது ஒருவன் பெஞ்ச் மேல் நிற்கிறான், இரண்டு பேர் ஒரு பேனாவுக்காக இழுபறியில் இருக்கிறார்கள், லீடர் கரும்பலகையில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்புப் போட்டுப் பதினொரு பெயரை எழுதி, நான்கு பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறியும் போட்டு வைத்திருக்கிறான். நாம் டஸ்டரை மேசையில் ஓங்கித் தட்டி “சைலன்ஸ்!” என்று கத்துகிறோம். அடங்குகிறது. ஐந்து நிமிடம். அப்புறம் பழையபடி.

நான் ராயபுரம் பக்கம் ஒரு பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை கணக்கு எடுக்கிறேன். இப்போது என்னிடம் இருக்கும் எட்டாம் வகுப்பில் 43 பேர். வேலைக்குச் சேர்ந்த முதல் மூன்று வருடம் நானும் கத்தித்தான் வகுப்பை ஓட்டினேன், சாயங்காலம் வீட்டுக்குப் போனால் பிள்ளையிடம் பேசக்கூடக் குரல் இருக்காது. அதிலிருந்து மெதுவாக, பக்கத்து வகுப்பு மூத்த ஆசிரியைகளைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்: நீங்கள் அடுத்து என்ன செய்வீர்கள் என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நேற்று சிரித்துக்கொண்டே விட்ட ஒன்றுக்கு இன்று காதைத் திருகினால், பிள்ளை நாளைக்கு உங்களைச் சோதித்துப் பார்க்கத்தான் செய்யும். அதைக் குறும்பு என்கிறோம்.

அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கௌனின் வகுப்பறைகளை வீடியோவில் பதிவுசெய்து ஆராய்ந்து 1970-ல் தன் முடிவுகளை வெளியிட்டார். தப்பு நடந்த பிறகு எப்படிக் கண்டிக்கிறார்கள் என்பதில், வகுப்பை நன்றாக நடத்துகிற ஆசிரியருக்கும் திணறுகிற ஆசிரியருக்கும் பெரிதாக வித்தியாசமே தெரியவில்லை. தப்பு நடப்பதற்கு முன்னால்தான் வித்தியாசம் இருந்தது. நல்ல ஆசிரியர்கள் அறை முழுக்க ஒரு கண் வைத்திருந்தார்கள், ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு இழுத்தடிக்காமல் போனார்கள், பிள்ளைகளைச் சும்மா காத்திருக்க விடவில்லை. கீழே சொல்லப்போவதில் முக்கால்வாசி இந்த ‘முன்னால்’ பற்றித்தான்.

முதல் மூன்று நிமிடம்

மணி அடித்ததும் வகுப்பு வாசலில் இருக்கப் பாருங்கள். அதற்கு முந்தைய வகுப்பை இரண்டு நிமிடம் முன்பே முடிக்க வேண்டும். “இந்த ஒரு கணக்கை முடிச்சிடுறேன்” என்று இழுத்தால், அந்த இழுப்புக்கான விலையை அடுத்த வகுப்பில் கொடுக்கிறோம். ஆனால் மூன்று மாடி ஏறி இறங்குகிறவருக்கு எல்லா நாளும் இது முடியாது. அதனால் நாம் இல்லாமலே தொடங்கும்படி ஒரு வேலை வகுப்பில் இருக்க வேண்டும்.

நான் செய்வது இது. கரும்பலகையின் இடது மூலையில் பெயின்டால் ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறோம். முந்தின நாளே ஒரு சீட்டில் இரண்டு கணக்கு எழுதி, அன்றைக்கு முறை வருகிற பிள்ளையிடம் கொடுத்துவிடுவேன். மணி அடித்ததும் அந்தப் பிள்ளை அதைக் கட்டத்துக்குள் எழுதும், மற்றவர்கள் ரஃப் நோட்டில் போட ஆரம்பிப்பார்கள். கணக்கு கட்டாயம் சுலபமாக இருக்க வேண்டும், வகுப்பிலேயே பின்தங்கிய பிள்ளையும் ஒன்றையாவது போட்டுவிடும் அளவுக்கு. கடினமாகக் கொடுத்தால் “டேய், இது எப்படிடா?” என்று ஆரம்பித்து அதுவே சந்தைக்கடை ஆகிவிடும். மதிப்பெண் கிடையாது. நான் உள்ளே வந்து, பேசாமல், பெஞ்ச் பெஞ்சாக நடந்து முடிந்தவரை எல்லா நோட்டிலும் ஒரு டிக் போடுவேன். அந்த நடையிலேயே யார் வரவில்லை, யார் முகம் வாடியிருக்கிறது, யாரிடம் பேனா இல்லை என்பதெல்லாம் தெரிந்துவிடும். தமிழாசிரியர் என்றால் ல, ழ, ள மாற்றி எழுதிய ஐந்து சொற்களைத் திருத்தச் சொல்லலாம். சமூக அறிவியல் என்றால் நேற்றைய பாடத்திலிருந்து இரண்டு ஒரு வரிக் கேள்வி. பழக இரண்டு வாரம் ஆகும், அதுவரை விடாமல் செய்ய வேண்டும்.

அப்படியே லீடர் பெயர் எழுதும் வழக்கத்தை நிறுத்திவிடுங்கள், தயவுசெய்து. ஒரு பிள்ளையைப் போலீஸ் ஆக்குகிறோம். அவன் தன் கூட்டாளி பெயரை விட்டுவிடுவான், பிடிக்காதவன் பெயருக்கு மூன்று பெருக்கல் குறி போடுவான். அதற்கான சண்டை மதியம் சாப்பாட்டு வரிசையில் நடக்கும், நாம் காரணம் தெரியாமல் இருவரையும் திட்டிக்கொண்டிருப்போம். லீடருக்குச் செய்ய எவ்வளவோ வேலை இருக்கிறது.

நோட்டு கொடுப்பதைக்கூடப் பழக்க வேண்டும்

எங்கள் வகுப்பில் 43 நோட்டைத் திருப்பிக் கொடுக்க முன்பெல்லாம் நாலு நிமிடத்துக்கு மேல் ஆகும். மேசையில் குவியல், பெயர் பெயராகக் கூப்பிடுவது, கூப்பிட்டவன் எழுந்து வரும் வழியில் இரண்டு பேர் தலையில் தட்டிவிட்டு வருவது. ஒரு நாளைக்கு நாலு நிமிடம் என்றால் 200 நாளில் 800 நிமிடம். 40 நிமிடப் பீரியடாகப் பார்த்தால் 20 பீரியட். ஒரு பாடத்தையே முடித்துவிடலாம்!

இப்போது, ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் பாடத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, நோட்டு வாங்குவதையும் கொடுப்பதையும் ஒத்திகை பார்க்கிறோம். கடைசி பெஞ்சிலிருந்து முன்பக்கம் வர வேண்டும். திருத்த வேண்டிய பக்கம் திறந்திருக்க வேண்டும், ஒவ்வொருவரும் தன்னுடையதைக் குவியலின் மேலே வைத்து முன்னால் தள்ள வேண்டும். வரிசைக்கு ஒரு கட்டு, கட்டுக்கு ஒரு ரப்பர் பேண்ட். திருப்பிக் கொடுக்கும்போது அதே கட்டு முன் பெஞ்சிலிருந்து பின்னுக்குப் போகும். யாரும் எழுந்திருக்கத் தேவையில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொள்வோம். முதல் தடவை மூன்றரை நிமிடம். நாலைந்து நாள் ஒத்திகைக்குப் பிறகு ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும், அந்த நேரத்தை ஓரத்தில் எழுதி வைத்தால் அதைக் குறைக்க அவர்களே ஆர்வமாக இருப்பார்கள்.

தண்ணீர் குடிக்கப் போவது, கழிவறைக்குப் போவது, பேனாவில் மை தீர்ந்தால் என்ன செய்வது, வேலையைச் சீக்கிரம் முடித்தவர் என்ன செய்வது எல்லாவற்றுக்கும் ஒரு வழக்கம் வேண்டும். கழிவறைக்கு ஒரு மர அட்டை ஆணியில் தொங்குகிறது. அது இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாம், என்னிடம் கேட்க வேண்டியதில்லை. இல்லையென்றால் போனவர் வரும்வரை காத்திருக்க வேண்டும், அவசரம் என்றால் மட்டும் என்னிடம் வந்து சொல்லலாம். “மிஸ், தண்ணி குடிக்கப் போகட்டுமா மிஸ்” என்று பாடத்தின் நடுவே வரும் குரல்கள் பாதிக்குப் பாதி குறைந்தன. மேசை டிராயரில் நாலு பழைய பேனா எப்போதும் இருக்கும். பேனா கொண்டுவராததற்கு உபதேசம் செய்ய ஐந்து நிமிடம் செலவழிப்பதைவிட ஒரு பேனாவைக் கொடுத்துவிட்டு எழுதச் சொல்வது மேல்.

விதிகள்? நாலு போதும். பிள்ளைகளிடமே கேட்டு எழுதுங்கள், ஆனால் அவர்கள் சொல்வதை எல்லாம் ஏற்காதீர்கள், ஏனென்றால் பிள்ளைகள் நம்மைவிடக் கடுமையானவர்கள். “பேசினா பத்து ரூபா ஃபைன் மிஸ்”, “பெஞ்ச் மேல ஏத்தி நிக்க வைங்க மிஸ்” என்றுதான் முதலில் வரும். எங்கள் வகுப்பில் கடைசியில் நின்றது இவை: ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்க வேண்டும். கேட்காமல் அடுத்தவர் பொருளை எடுக்கக் கூடாது. பட்டப்பெயர் கூடாது. தெரியவில்லை என்றால் கை தூக்க வேண்டும். மூன்றாவது விதியை நான் சொல்லவில்லை, பின் பெஞ்சில் இருந்து ஒரு பெண் எழுந்து சொன்னாள்.

குரலும் கால்களும்

எங்கள் பள்ளிக்கு வெளியே துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் நாள் முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டே போகும். உள்ளே நாலு ஃபேன், அதில் ஒன்று கடகடவென்று ஓடும். இதற்கு மேல் நம் குரலை ஏற்றினால், பிள்ளைகளும் அதற்கு மேல் ஏற்றிப் பேசுவார்கள். லாரி ஹாரன் அடிக்கும்போது நான் வாயை மூடிக்கொள்வேன். அது போனதும், நிறுத்திய இடத்திலிருந்து, முன்பைவிடக் கொஞ்சம் மெதுவாக ஆரம்பிப்பேன். மெதுவாகப் பேசினால் முன் பெஞ்ச் பின் பெஞ்சைப் பார்த்து “ஷ்” என்று சொல்லும், அந்த வேலையை நான் செய்ய வேண்டியதில்லை. இன்னொன்று, எல்லோரும் கவனிக்க வேண்டிய செய்தி என்றால் எப்போதும் ஒரே இடத்தில் நின்று சொல்லுங்கள். எனக்கு அது ஜன்னலுக்கும் கரும்பலகைக்கும் நடுவில் ஒரு தூண் ஓரம். நான் அங்கே போய்க் கையைத் தூக்கி நின்றாலே ஏதோ சொல்லப்போகிறேன் என்று தெரியும். பத்து நொடி ஆகும், சில நாள் இருபது. அந்த இருபது நொடியும் வாயைத் திறக்காமல் நிற்பதுதான் கஷ்டம், ஆனால் நின்றுதான் ஆக வேண்டும்.

சொல்லும் வரிசையும் முக்கியம். “எல்லாரும் நோட்டை எடுங்க, தேதி போடுங்க, அஞ்சாவது கணக்கு...” என்று ஆரம்பித்தால் ‘நோட்டை எடுங்க’ என்றவுடனே பை திறக்கும் சத்தமும் பெஞ்ச் நகரும் சத்தமும் ஆரம்பித்துவிடும், மிச்சம் யார் காதிலும் விழாது. பிறகு நாற்பது பேரும் தனித்தனியாக “எந்தக் கணக்கு மிஸ்?” மாற்றிச் சொல்லுங்கள்: “நான் ‘சரி’ன்னு சொன்ன அப்புறம்தான் ஆரம்பிக்கணும். அஞ்சாவது கணக்கு. தனித்தனியா. எட்டு நிமிஷம்.” ஒரு பிள்ளையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அதற்கப்புறம் “சரி.” இந்த ஒரு மாற்றம் மட்டும் செய்தால்கூட வகுப்பு பாதி அடங்கும் என்பது என் அனுபவம்.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதும் அப்படித்தான். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் அளந்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடி அளவுக்குத்தான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீளமாயின, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பதில் சொன்னார்கள். வழக்கமாகப் பதில் சொல்லாத பிள்ளைதான் வழக்கமாகத் தொந்தரவும் செய்கிறது என்பதை நம்மில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிவிட்டு ஒருவரைக் கூப்பிடுங்கள்.

கரும்பலகையில் எழுதும்போது முழு முதுகைக் காட்டாதீர்கள். ஒருக்களித்து நின்று, மூன்று வரி எழுதிவிட்டுத் திரும்பிப் பாருங்கள். நீளமாக எழுத வேண்டியது இருந்தால் இடைவேளையிலேயே எழுதி வையுங்கள். நாற்காலி வகுப்பில் இருக்கலாம், ஆனால் பிள்ளைகள் வேலை செய்யும் நேரத்தில் நாம் அதில் உட்காராமல் கடைசி பெஞ்ச் வரை நடந்துகொண்டிருக்க வேண்டும். நடக்கிற ஆசிரியர் பாதிக் கண்டிப்பை வாய் திறக்காமலே முடித்துவிடுவார்.

கெத்து உடையாமல் திருத்துவது

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்குப் பசியைவிடப் பெரிய விஷயம் கெத்து. முப்பது பேர் பார்க்கும்போது “எழுந்திரு! என்னடா பண்ற?” என்றால் அவனுக்கு இரண்டே வழிதான். தலை குனிந்து கூட்டாளிகளிடம் அசிங்கப்படுவது, அல்லது எதிர்த்துப் பேசுவது. எதிர்த்துப் பேசினால் நமக்கும் வேறு வழி இல்லாமல் போகிறது. அந்த நிலைமையை உருவாக்கியது நாம்தான்.

போன வருடம் ஒரு பையன். மூன்றாவது பெஞ்ச், ஜன்னல் ஓரம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் காம்பஸ் பாக்ஸை வைத்துப் பெஞ்சில் கானா தாளம் போடுவான், நன்றாகவே போடுவான், பக்கத்தில் இருப்பவன் தலையை ஆட்டுவான், நாலு நாளில் அந்த வரிசையே ஆட ஆரம்பித்தது. நான் பின்னக் கூட்டலை விளக்கிக்கொண்டே அவன் பெஞ்சுக்கு நடந்தேன். அவனைப் பார்க்கவில்லை. கரும்பலகையைப் பார்த்தபடி “பகுதியைச் சமமாக்கணும், இல்லையா” என்று சொல்லிக்கொண்டே இரண்டு விரலை அந்த டப்பாவின் மேல் வைத்தேன். தாளம் நின்றது. விரலை எடுத்துவிட்டு அங்கேயே நின்று இன்னொரு அரை நிமிடம் பாடம் நடத்தினேன், பிறகு நகர்ந்தேன். யாருக்கும் எதுவும் தெரியாது, அவனுக்கு மட்டும் தெரியும். அடுத்த நாளும் போட்டான், அடுத்த நாளும் அதே இரண்டு விரல். மூன்றாம் நாள் நான் பக்கத்தில் போகும்போதே டப்பாவைப் பைக்குள் வைத்துவிட்டான். மணி அடித்ததும் வராந்தாவில் “நல்லா வாசிக்கிற, ஆண்டு விழாவுக்கு வாசிக்கிறியா? ஆனா என் பீரியட்ல வேண்டாம்ப்பா” என்றேன். “சரி மிஸ்” என்றான். அவ்வளவுதான் பேச்சு.

இதைப் படிப்படியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பார்வை. அப்புறம் பக்கத்தில் போய் நிற்பது. அப்புறம் பெயரைப் பாடத்துக்குள்ளேயே சொல்வது: “இப்போ நம்ம ஆளு மூணு கிலோ அரிசி வாங்குறான்...” என்று அவன் பெயரைப் போட்டு. அதிலும் சரியாகவில்லை என்றால் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி, இரண்டே வாக்கியம்: “ரெண்டாவது கணக்கு வரைக்கும் முடி. நான் திரும்பி வந்து பாக்குறேன்.” சொல்லிவிட்டு உடனே அங்கிருந்து நகர்ந்துவிட வேண்டும், இது மிக முக்கியம். முகத்துக்கு நேரே நின்று அவன் கீழ்ப்படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவன் கீழ்ப்படிய மாட்டான். நாம் திரும்பிப் போகும் அந்த இருபது நொடியில் முணுமுணுத்துக்கொண்டே பேனாவை எடுப்பான். முணுமுணுப்பைக் காதில் வாங்காதீர்கள்.

இதற்கும் மசியாதவர்கள் இருப்பார்கள். அவர்களுடன் பேச வேண்டிய இடம் வகுப்பு இல்லை. இடைவேளையில், நின்றபடி, கேள்வியாகக் கேளுங்கள்: “என்ன ஆச்சு இன்னைக்கு?” எண்பது சதவீதம் “ஒண்ணும் இல்ல மிஸ்” என்றுதான் பதில் வரும். அப்போதும் கேட்டதற்குப் பலன் உண்டு, இரண்டு நாள் கழித்து அவனே வந்து சொல்வான்.

தண்டனை

இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 17-வது பிரிவு உடல் ரீதியான தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சட்டம் 1-4-2010 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடி மட்டும் இல்லை, வார்த்தையும் இதில் வருகிறது என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். முட்டி போட வைப்பது, பெஞ்ச் மேல் ஏற்றுவது, வாசலில் நிறுத்துவது, நிறத்தை, உடம்பை, பெற்றோர் தொழிலைச் சொல்லித் திட்டுவது எல்லாமே. சென்னையில் இன்னொரு வார்த்தை இருக்கிறது, ‘ஏரியா’. “அந்த ஏரியா பசங்கன்னாலே இப்படித்தான்”, “ஹவுசிங் போர்டு புத்தி” என்று ஸ்டாஃப் ரூமில் சொல்வது ஒருநாள் வகுப்பிலும் வாய் தவறி வந்துவிடும். ஊருக்கு நடுவில் வீடு இழந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடியேற்றப்பட்ட பிள்ளைகள் அந்த வார்த்தையை வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டார்கள்.

“அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்” என்று நம் ஊரில் சொல்வார்கள். அடி வேலை செய்கிறது, உண்மைதான், அடிக்கிற ஆசிரியர் வகுப்பில் இருக்கும்வரை. அவர் வெளியே போன அடுத்த நிமிடம் அந்த வகுப்பைப் போய்ப் பாருங்கள்.

கூட்டுத் தண்டனை பற்றி என் அனுபவம் ஒன்று. நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். “யாரு?” என்றேன். மூச்சு இல்லை. மூன்று முறை கேட்டேன், கோபம் தலைக்கேறி, சொல்லாதவரை யாருக்கும் பி.இ.டி. பீரியட் கிடையாது என்று அறிவித்துவிட்டேன். வாரத்துக்கு இரண்டே முறை மைதானத்துக்குப் போகிற பிள்ளைகள், நாற்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மறுநாள் ஒரு விசில் வந்த இடத்தில் மூன்று விசில். அதுவரை என் பக்கம் இருந்த அமைதியான பிள்ளைகளும் அன்றிலிருந்து விசில்காரன் பக்கம் போய்விட்டார்கள், அவர்களைத் திரும்பக் கொண்டுவர அரையாண்டுத் தேர்வு வரை ஆனது. யார் என்று தெரியாவிட்டால் தெரியாததாகவே விட்டுவிடுங்கள். பாடத்தைத் தொடருங்கள், அடுத்த முறை எழுதும்போது ஒருக்களித்து நில்லுங்கள்.

அப்படியென்றால் எதுவுமே செய்யக் கூடாதா? செய்ய வேண்டும், தப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டும். பெஞ்சில் கிறுக்கியவர் இடைவேளையில் துடைக்க வேண்டும். பேசியதால் முடிக்காத கணக்கை மணி அடித்தபின் ஐந்து நிமிடம் உட்கார்ந்து முடித்துவிட்டுப் போக வேண்டும், சாப்பாட்டு நேரம் முழுவதையும் எடுக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவருடன் ஓயாமல் பேசினால் ஒரு வாரம் வேறு இடம், வாரம் முடிந்ததும் பழைய இடம், அது சொன்ன தேதியில் நடக்க வேண்டும். ஒருவரைக் கேலி செய்து அழ வைத்தவர் தனியாக அவரிடம் பேச வேண்டும், எல்லோர் முன்னாலும் “சாரி” சொல்ல வைப்பது நாடகம். இம்போசிஷன் வேண்டாம், நூறு தடவை எழுதுகிற பிள்ளைக்கு எழுதுவதே தண்டனை என்று மனதில் பதியும். ‘டிசி கொடுத்துடுவேன்’ என்ற மிரட்டலும் வேண்டாம், நம்மால் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது, அது பிள்ளைகளுக்கும் தெரியும். செய்ய முடியாததை ஒருமுறை சொன்னால், அடுத்து நாம் சொல்லும் செய்யக்கூடியதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

சண்டை வந்துவிட்டால் மட்டும் வேறு கணக்கு. சுற்றி நிற்பவர்களை முதலில் கலையுங்கள், வேடிக்கை பார்க்க ஆள் இல்லாவிட்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். ஒரு பிள்ளையைப் பக்கத்து வகுப்பு ஆசிரியரைக் கூப்பிட அனுப்புங்கள். இருவரையும் இரண்டு இடத்தில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். யார் முதலில் அடித்தார்கள் என்ற விசாரணையை உடனே ஆரம்பிக்காதீர்கள், அரை மணி நேரமாவது போகட்டும்.

மத்தியானமும் ஏப்ரலும்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் பீரியடில், அதுவும் மார்ச், ஏப்ரல் வெயிலில், ஓடு போட்ட அறையில், கரும்பலகையைப் பார்த்து எழுத மட்டும் சொன்னால் ஒரு பாதி தூங்கும், இன்னொரு பாதி சண்டை போடும். அந்த நேரத்துக்கு எழுந்து செய்யும் வேலை வையுங்கள். நான் ஐந்து கணக்கை ஐந்து தாளில் எழுதிச் சுவரில் ஐந்து இடத்தில் ஒட்டிவிடுவேன், ஜோடி ஜோடியாக நின்றபடி போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போக வேண்டும். சத்தம் இருக்கும், வேலைச் சத்தம். வாய்ப்பாடு சொல்வதோ பேசுவதோ கேட்டால் நான் தடுக்க மாட்டேன். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் செயல்வழிக் கற்றல் வந்தபோது பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து அட்டைகளை வைத்துப் படித்தார்கள், வெளியிலிருந்து பார்த்தால் இரைச்சலாகத்தான் தெரியும். கையில் வேலை இருக்கிற பிள்ளையின் சத்தத்தையும் வேலை இல்லாத பிள்ளையின் சத்தத்தையும் பிரித்துக் கேட்கப் பழகிக்கொள்ளுங்கள்.

பசியையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. ஐந்து வரை காலையில் பொங்கலோ உப்புமாவோ சாப்பிட்டுப் பழகிய பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வந்ததும் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கும். பதினொரு மணிக்கு எரிந்து விழுகிற பிள்ளையிடம் முதலில் “காலையில் சாப்பிட்டியா?” என்று தனியாகக் கேளுங்கள். என் பையில் பிஸ்கட் பாக்கெட் இல்லாத நாள் கிடையாது. காசிமேடு பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் எங்களிடம் படிக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது, வீட்டில் வருமானம் இருக்காது, ஆண்டுத் தேர்வு நேரமும் பள்ளி திறக்கும் நேரமும் அதில்தான் வரும். அந்தச் சமயத்தில் நோட்டு வாங்கவில்லை, அட்டை போடவில்லை என்று வகுப்பில் எழுப்பி நிற்க வைப்பது நியாயமே இல்லை.

நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று முரடாகிறது, அல்லது ஒரேயடியாக அமைதியாகிறது, உடம்பில் காயம் தெரிகிறது என்றால் அது ஒழுங்குப் பிரச்சினையே இல்லை. தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள், தேவைப்பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

வீட்டுக்குப் போன் போடும் முன்

“கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க மிஸ், நாங்க ஏன்னு கேக்க மாட்டோம்.” எந்தப் பெற்றோர் கூட்டத்திலும் ஒருவராவது இதைச் சொல்வார். அன்போடு சொல்கிறார்கள், பிள்ளை எப்படியாவது படித்துவிட வேண்டும் என்ற தவிப்பு அது. நான் சிரித்துவிட்டு, “அடிக்கிறதுக்கு வேண்டாம்மா, அவன் ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குறான்னு மட்டும் சொல்லுங்க” என்பேன். உடனே பேச்சு போன், ரீல்ஸ், அப்பா வீட்டுக்கு வரும் நேரம் என்று உபயோகமான இடத்துக்குப் போகும்.

புகார் சொல்ல மட்டும் போன் போட்டால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பாருங்கள். நாம் கை வைக்கவில்லை என்ற நிம்மதியில் இருப்போம், சாயங்காலம் பெல்ட் வீட்டில் சுழலும். அதனால் வருடத்தின் முதல் போன் நல்ல செய்தியாக இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். ஜூலை முடிவதற்குள், அதிகமாகத் தொந்தரவு செய்யும் ஆறு பேர் வீட்டுக்கு முதலில். “இன்னைக்கு உங்க பொண்ணு பக்கத்துல இருக்கிற பிள்ளைக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தா, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.” முதல் பத்து நொடி அந்தப் பக்கம் பயம்தான் இருக்கும், பள்ளிக்கூடத்திலிருந்து போன் என்றாலே அப்படித்தான் பழகியிருக்கிறார்கள். இதற்கப்புறம் ஒருநாள் புகார் சொல்ல வேண்டி வந்தால், கேட்பார்கள். அப்போதும் “அடிக்காதீங்கம்மா, ரெண்டு பேரும் சேர்ந்து சரி பண்ணலாம்” என்பதைச் சொல்லாமல் போனை வைக்காதீர்கள்.

நமக்கும் ஒரு நாள் பொறுமை போய்விடும். தலைவலி, ஆய்வு, எமிஸ் (மாணவர் விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவு, எல்லாம் சேர்ந்து ஒரு பிள்ளை மேல் விழும். போய்விட்டால் மறுநாள் வகுப்பு ஆரம்பத்திலேயே, “நேத்து நான் அப்படிக் கத்தினது தப்பு. அவன் செஞ்சதும் தப்பு, அதைத் தனியா பேசிட்டோம். இப்போ ஆரம்பிக்கலாம்” என்று சொல்லிவிடுங்கள். மரியாதை போய்விடும் என்று நானும் பயந்திருக்கிறேன், போகவில்லை.

இதெல்லாம் ஒருமுறை பழக்கினால் வருடம் முழுக்க ஓடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நவம்பரில் மழை விடுமுறை நாலைந்து நாள் வந்தால் போதும், கழிவறை அட்டை காணாமல் போயிருக்கும், நோட்டுக் கட்டு மறுபடி குவியலாகியிருக்கும். பொங்கல் விடுமுறைக்குப் பிறகு இன்னும் மோசம். அப்போது திட்டாமல், ஜூன் மாதம் செய்ததை அப்படியே மறுபடி செய்யுங்கள், இந்த முறை இரண்டு நாளில் வந்துவிடும். இந்த ஜனவரியில் பள்ளி திறந்த அன்று நோட்டு வாங்க இரண்டு நிமிடம் பத்து நொடி ஆனது. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு முன் பெஞ்சில் இருந்த பெண்ணே திரும்பி, “ஏய், இன்னொரு வாட்டி பண்ணலாம்பா” என்றாள். நோட்டுகளைத் திருப்பி அனுப்பினோம். இரண்டாவது தடவை 55 நொடி.